இரகசியச் செய்தியும் அதன் சாவியும்

மத்தியப் பிரதேசத்தின் உட்பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் குழந்தைகளின் எடையையும் நோய் விவரங்களையும் பதிந்து, மாலையில் அவற்றைக் கைப்பேசி மூலம் அனுப்பிவைக்கிறார் என்க. அவ்விவரங்கள் கைப்பேசியிலிருந்து கோபுரத்திற்கு வானொலி அலைகளாகச் செல்கின்றன. அங்கிருந்து கண்ணாடி இழை வழியாகப் பல நூறு கிலோமீட்டர் கடந்து, வழியிலுள்ள பல இயந்திரங்களால் கைமாற்றப்பட்டு, இறுதியில் டெல்லியிலுள்ள சேவைக் கணினியை அடைகின்றன. இவ்வியந்திரங்கள் யாவும் ஒருவருக்கே உரியன அல்ல. ஒவ்வொன்றும் தன்னைக் கடந்து செல்லும் செய்தியைப் பிரதி எடுத்துக்கொள்ள வல்லது. உறையிலிடாத அஞ்சலட்டையை அதைக் கையாளும் எவரும் படித்துவிடக் கூடும் அல்லவா? இணையத்தில் செல்லும் செய்தியின் இயல்பான நிலையும் அதுவே.

ஆகையால் செய்தியைப் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டும் கலை பழமையானது. அதில் இன்று பெருங் குறையும் இல்லை. சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. கிராமத்தில் பூட்டப்பட்ட செய்தியை டெல்லியில் திறக்க வேண்டுமாயின், அங்கும் அதே சாவி இருத்தல் வேண்டும். பணியாளர் டெல்லிக்குச் சென்றவர் அல்லர். டெல்லியிலிருந்து எவரும் சாவியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்ததும் இல்லை. செய்தி செல்லும் பாதையிலேயே சாவியையும் அனுப்பினால், பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். அங்ஙனமாயின் இருவரிடமும் ஒரே சாவி வந்து சேர்வது எவ்வாறு? 1976-ஆம் ஆண்டு வரை இவ்வினாவிற்கு உலகறிய விடை ஏதும் இருக்கவில்லை. அவ்வாண்டில் கிடைத்த விடையையும், அவ்விடையோடு கூடவே பிறந்த மற்றொரு சிக்கலையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பூட்டும் அதன் வலிமையும்

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் தமது இரகசியக் கடிதங்களில், ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக நெடுங்கணக்கில் மூன்று இடம் தள்ளி நிற்கும் எழுத்தை எழுதினார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய சுவெட்டோனியஸ் கூறுகிறார். இதில் இரண்டு அம்சங்களைப் பிரித்துக் காணல் வேண்டும். எழுத்துக்களைத் தள்ளி எழுதுவது முறை. எத்தனை இடம் தள்ளுவது என்பதைக் காட்டும் மூன்று என்ற எண் சாவி. முறை இன்னதென்று அறிந்த பகைவன் இருபத்துச் சொச்சம் எண்களைச் சோதித்துப் பார்த்தால் போதும், கடிதம் வெளிப்பட்டுவிடும்.

பாரிஸ் நகரில் ஜெர்மன் மொழி கற்பித்து வந்த கெர்க்காஃப்ஸ் என்னும் ஆசிரியர், 1883-இல் ஒரு இராணுவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இத்துறையின் அடிப்படை விதி ஒன்றை வகுத்தார். சங்கேத முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு நேரலாகாது. பாதுகாப்பு முழுவதும் சாவியை மட்டுமே பொறுத்திருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. முறை இரகசியமாக இருப்பதே காவல் என்று எண்ணுவோர் இன்றும் இல்லாமலில்லை. ஆயினும் பல்லாயிரம் பேர் உபயோகிக்கும் ஒரு முறையை எத்தனை காலம் மறைத்து வைக்க முடியும்? சாவி கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். முறையை அவ்வாறு அடிக்கடி மாற்றுதல் இயலாது.

இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ள பூட்டு ஏ.இ.எஸ். என்னும் முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரும் இதனை அமைத்தனர். அமெரிக்க அரசு 2001-இல் இதைத் தனது நியமமாக ஏற்றது. முறையின் ஒவ்வொரு படியும் அச்சிட்டு வெளியிடப்பட்டுள்ளது. கல்லூரி மாணவர்களும் அதைப் படிக்கிறார்கள். இதன் சாவிகளுள் மிகச் சிறியதே ஒன்றும் சுழியுமாக 128 இலக்கங்கள் கொண்டது. அத்தகைய சாவிகள் மொத்தம் எத்தனை என்றால், 34 என்று எழுதி அதன்பின் 37 சுழிகள் இடவேண்டும். விநாடிக்கு ஓர் இலட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருப்பினும், அனைத்தையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். பூட்டை உடைப்பதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டுவதில்லை. திருடன் பூட்டை உடைக்க முற்படமாட்டான், சாவியைத் தேடுவான்.

சாவியின் பிரயாணம்

சாவியைச் சேர்ப்பிப்பதற்கு நெடுங்காலமாக இருந்த வழி ஆளனுப்புவது ஒன்றே. தூதரகங்களுக்கு முத்திரையிட்ட பைகளிலும், போர்க்கப்பல்களுக்கு ஈயம் பொதிந்த அட்டையிட்ட புத்தகங்களிலும் சாவிகள் சென்றன. கப்பல் பகைவன் கையில் வீழும் நிலை வந்தால் புத்தகம் கடலில் எறியப்பட வேண்டும். ஈயம் அதை மூழ்கடிக்கும். இம்முறையில் செலவு மிகுதி, கால தாமதமும் மிகுதி. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆயிரம் பேர் தமக்குள், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும், பிறர் அறியாமல் பேச விரும்பினால் தேவைப்படும் சாவிகளின் எண்ணிக்கை 4,99,500. ஆயிரத்தோராவது ஆள் சேரும்போது இன்னும் ஆயிரம் சாவிகள் வேண்டும். கோடிக்கணக்கானோர் உபயோகிக்கும் இணையத்திற்கு இது எவ்வாறு ஒத்துவரும்?

சாவியைக் கைமாற்றும் இடத்தில் நேர்ந்த பிழையால் வலிய பூட்டும் பயனற்றுப்போன வரலாறுகள் பல. ஜெர்மானிய இராணுவத்தின் எனிக்மா இயந்திரம் அவற்றுள் பிரசித்தமானது. ஒவ்வொரு நாளைக்கும் உரிய அமைப்பு, அச்சிட்ட தாள்களில் முன்கூட்டியே அனுப்பப்பட்டது. ஒரே அமைப்பில் எல்லாச் செய்திகளையும் அனுப்புவது ஆபத்து என்று கருதி, ஒவ்வொரு செய்திக்கும் மூன்றெழுத்துள்ள தனிச் சாவி ஒன்றை இயக்குபவரே தேர்ந்துகொள்ளும்படி விதித்தனர். அச்சாவியைப் பெறுநருக்கு அறிவிக்க வேண்டுமே! வானொலியில் இரைச்சல் காரணமாக எழுத்து ஏதேனும் தவறிவிடலாம் என்று அஞ்சி, அம்மூன்று எழுத்துக்களையும் இருமுறை தொடர்ந்து சங்கேதமாக்கிச் செய்தியின் தலைப்பில் இடுமாறு கட்டளையிட்டனர். முதலெழுத்தும் நான்காம் எழுத்தும் ஒன்றே, இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றே என்னும் இந்தச் சிறு தொடர்பைப் பற்றிக்கொண்டுதான், போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி, 1932 டிசம்பரில் இயந்திரத்தின் உள்ளமைப்பையே கணக்கிட்டு அறிந்தார். ஜெர்மானியச் சங்கேத அலுவலகத்தின் ஊழியன் ஒருவன் பணத்துக்காகப் பிரெஞ்சுக்காரருக்கு விற்றிருந்த சாவித் தாள்களும் அவருக்குத் துணை செய்தன. ஆக, இயந்திரம் வீழ்ந்ததற்குக் காரணமானவை இரண்டு: சாவியை அறிவித்த விதம், சாவியைக் காத்த ஆள்.

உடைக்கவே இயலாத பூட்டும் ஒன்று உண்டு. செய்தி எத்துணை நீளமோ அத்துணை நீளமுள்ள, எவ்வித ஒழுங்குமற்ற சாவியை ஒரே ஒரு முறை உபயோகித்து எறிந்துவிட்டால், எத்தகைய கணிதமும் அச்செய்தியைத் திறக்க இயலாது. 1949-இல் வெளியான தமது கட்டுரையில் கிளாட் ஷானன் இதை நிரூபித்தார். சோவியத் யூனியன் இம்முறையையே கையாண்டது. ஆயினும் போர்க்கால நெருக்கடியில், 1942-ஆம் ஆண்டு வாக்கில், சாவிப் புத்தகங்களின் சில பக்கங்கள் இருமுறை அச்சிடப்பட்டு வெவ்வேறு அலுவலகங்களுக்குச் சென்றுவிட்டன. அந்த ஒரு பிழையைக் கொண்டு அமெரிக்கர்கள் அச்செய்திகளில் ஒரு பகுதியைப் படித்துவிட்டார்கள். இம்முயற்சிக்கு வெனோனா என்று பெயர். 1995-இல் அது பகிரங்கமாயிற்று. நிரூபிக்கப்பட்ட கணிதத்தை ஓர் அச்சகம் தோற்கடித்தது எனலாம்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1976 நவம்பரில் வெளியிட்ட கட்டுரை, ஆளனுப்பும் தேவையையே அகற்றியது. யாவரும் கேட்க உரக்கப் பேசிக்கொண்டே இருவர் ஓர் இரகசிய எண்ணை அடைதல் கூடும் என்று அவர்கள் காட்டினர். கேட்பதற்கு இது நடவாத காரியமாகத் தோன்றும். ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே கரும்பலகையில் செய்துபார்க்கக் கூடிய கணக்கு இது. இரு மாணவர்களை வகுப்பின் இரு மூலைகளில் நிறுத்தி, ஏனையோர் அனைவரும் ஒற்றுக் கேட்பவர்கள் என்று வைத்து இதை நடத்தலாம்.

கணக்கிற்கு அடிப்படை, வகுத்து வரும் மீதி. பத்து மணிக்குப்பின் ஐந்து மணி நேரம் கழிந்தால் கடிகாரம் பதினைந்து காட்டுவதில்லை, மூன்று காட்டுகிறது. பன்னிரண்டால் வகுத்த மீதி அது. இங்கே பன்னிரண்டுக்குப் பதிலாக 29 என்னும் பகா எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2 என்ற எண்ணை அடுத்தடுத்து இரண்டால் பெருக்கி, 29-ஐ எட்டியதும் அதைக் கழித்துக்கொண்டே சென்றால் 2, 4, 8, 16, 3, 6, 12, 24, 19, 9, 18, 7 என்று வரிசை செல்லும். 28 படிகளில், 1 முதல் 28 வரையுள்ள எண்கள் யாவும் ஒவ்வொரு முறை வந்துவிடும். ஆனால் எது எப்போது வரும் என்பதில் கண்ணுக்குப் புலப்படும் ஒழுங்கு ஏதும் இல்லை.

29, 2 என்ற இரண்டு எண்களையும் வகுப்பறிய அறிவித்து விடலாம். முதல் மாணவர் ஒரு படியெண்ணைத் தம் மனத்தில் தேர்ந்துகொள்கிறார். அது 5 என்க. வரிசையில் ஐந்தாவது எண் 3. அவர் ‘3’ என்று உரக்கக் கூறுகிறார். இரண்டாமவர் மனத்தில் கொண்டது 12. வரிசையில் பன்னிரண்டாவது எண் 7. அவர் ‘7’ என்று உரக்கக் கூறுகிறார். இனி முதல் மாணவர், தாம் கேட்ட 7-ஐ ஐந்து முறை ஒன்றோடொன்று பெருக்குகிறார்: 16,807. அதை 29-ஆல் வகுத்தால் மீதி 16. இரண்டாமவர் தாம் கேட்ட 3-ஐப் பன்னிரண்டு முறை பெருக்குகிறார்: 5,31,441. அதை 29-ஆல் வகுத்தாலும் மீதி 16! எவரும் வாய்திறந்து கூறாத 16 இருவரிடமும் வந்து சேர்ந்துவிட்டது. இதுவே அவர்களது சாவி.

காரணம் எளியது. ஒருவர் 2-ஐப் பன்னிரண்டு அடுக்காக்கிப் பின் ஐந்து அடுக்காக்குகிறார். மற்றவர் ஐந்து அடுக்காக்கிப் பின் பன்னிரண்டு அடுக்காக்குகிறார். இரு வழியிலும் வருவது 2-இன் அறுபதாம் அடுக்கே. ஒற்றுக் கேட்டவர்களிடம் இருப்பவை 29, 2, 3, 7 என்னும் நான்கு எண்கள். மூன்றையும் ஏழையும் பெருக்கினால் 21. அது 2-இன் பதினேழாம் அடுக்கின் மீதியாகும், அறுபதாம் அடுக்கினது அன்று. அவர்கள் 5 அல்லது 12 என்னும் அந்தரங்கப் படியைக் கண்டே ஆக வேண்டும். 29 போன்ற சிறிய எண்ணுக்கு வரிசையை எழுதி ஒரு நிமிடத்தில் கண்டுவிடலாம். கணினிகளில் 29-இன் இடத்தில் இருப்பதோ சுமார் 617 இலக்கங்கள் கொண்ட பகா எண். அத்தகைய எண்ணின் அடுக்கைக் கணக்கிட்டு மீதி காண்பது ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். மீதியிலிருந்து அடுக்குக்குத் திரும்பிச் செல்லும் வழியோ, இன்றைய கணினிகளுக்கு எட்டுவதாகக் காணப்படவில்லை. முன்னே செல்வது எளிது, பின்னே திரும்புவது அரிது என்னும் இந்த ஒருவழித் தன்மையே முழு விஷயமும் ஆகும். இத்திரும்பும் வழி அரிது என்பதற்கு நிரூபணம் இல்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுதல் நலம். இதுவரை எவரும் எளிய வழியைக் காணவில்லை என்பதே அதன் பலம்.

இவ்வெண்ணம் வேறு இருவரிடமும் தனித்தனியே தோன்றியிருந்தது. கலிபோர்னியாவில் மாணவராயிருந்த ரால்ஃப் மெர்க்கிள் இதே நோக்கமுள்ள வேறொரு வழியை 1974-இல் எண்ணியிருந்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சங்கேத ஸ்தாபனத்திலோ, ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் 1970-லேயே இது சாத்தியம் என்று குறிப்பு எழுதினார். அவருடைய சகாக்களான கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லும், மால்கம் வில்லியம்சன் 1974-லும் கணித வழிகளைக் கண்டனர். அவை யாவும் அலுவலகக் கோப்புகளிலேயே உறங்கின. 1997 டிசம்பரில் அரசாங்கம் அவற்றை வெளியிட்டபோது, எல்லிஸ் காலமாகி ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

டிஃபியும் ஹெல்மனும் கோடிட்டுக் காட்டிய மற்றொரு வழிக்கு, 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் உருவம் கொடுத்தனர். மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவியை யாவருக்கும் கொடுக்கலாம். அதனால் பூட்டத்தான் முடியும். திறப்பதற்குரிய அந்தரங்கச் சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். தெருவிலுள்ள தபால் பெட்டியில் எவரும் கடிதம் போடலாம், எடுப்பது மட்டும் தபால் ஊழியரால் ஆகும் என்பது போன்றது இது. இதே இணையைத் திருப்பி வைத்தால் கையொப்பம் கிடைக்கிறது: அந்தரங்கச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.

ஆர்.எஸ்.ஏ.யின் வலிமை, இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனைப் பிரிப்பது கடினம் என்பதில் இருக்கிறது. 83-ஐ 97-ஆல் பெருக்குவது ஒரு மாணவருக்குச் சில விநாடி வேலை. 8,051-ஐக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால் வகுப்பு முழுவதும் சற்று நேரம் திணறும். 1977-இல் இம்மூவரும் 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பத்திரிகை வாயிலாக வெளியிட்டு, பிரிப்பவருக்கு நூறு டாலர் பரிசு என்றனர். பல கோடி கோடி ஆண்டுகள் பிடிக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. 1994-இல், இணையத்தின் மூலம் ஒன்றுசேர்ந்த சுமார் 600 தொண்டர்களின் கணினிகள் அதைப் பிரித்துவிட்டன. 2020-இல் 250 இலக்க எண்ணும் பிரிக்கப்பட்டது. அதனால்தான் இன்று 617 இலக்கங்களுக்குக் குறைந்த எண்கள் ஏற்கப்படுவதில்லை. இங்கே நம் நாட்டார் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றையும் குறிப்பிடலாம். ஓர் எண் பகா எண்தானா என்பதை, எண் பெரிதாகும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகாத வகையில் ஐயமறத் தீர்மானிக்கும் முறையைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் 2002-இல் கண்டனர். நடைமுறையில் வேறு விரைவான சோதனைகள் கையாளப்படினும், நெடுநாள் நின்ற ஒரு வினாவிற்கு அது முடிவு கட்டியது. பகா எண்ணா என்று அறிவது எளிது எனத் தெளிந்த பின்னும், காரணிகளைப் பிரிப்பது கடினமாகவே நிற்பது வியப்பன்றோ?

இடையில் நிற்பவன்

இனி, 1976-ஆம் ஆண்டின் விடை உடன்கொணர்ந்த சிக்கலுக்கு வருவோம். வகுப்பறையில் ஒருவரையொருவர் காணலாம், குரலும் தெரியும். கம்பியின் மறுமுனையில் ‘7’ என்று கூறியது யார் என்பது எங்ஙனம் தெரியும்?

இரு மாணவர்களுக்கும் நடுவே திரை கட்டி, செய்தியைக் கொண்டுசெல்லும் பொறுப்பை மூன்றாமவன் ஒருவனிடம் விட்டால் விளைவது இது. அவன் தன் மனத்தில் 3 என்ற படியைக் கொள்கிறான். வரிசையில் மூன்றாவது எண் 8. முதல் மாணவர் கூறிய 3-ஐயும், இரண்டாமவர் கூறிய 7-ஐயும் தானே வைத்துக்கொண்டு, இருவருக்கும் ‘8’ என்றே சொல்லிவிடுகிறான். முதல் மாணவர் 8-ஐ ஐந்து அடுக்காக்கி 27 என்னும் மீதியை அடைகிறார். இடையில் நிற்பவனும் 3-ஐ மூன்று அடுக்காக்கி அதே 27-ஐ அடைகிறான். இரண்டாமவருக்குக் கிடைப்பது 24. இடையில் நிற்பவனுக்கும் 7-இலிருந்து அதே 24 கிடைக்கிறது. இப்பொழுது முதல்வரிடமிருந்து வரும் செய்தியை 27-ஆல் திறந்து, படித்து, வேண்டுமாயின் திருத்தி, 24-ஆல் பூட்டி அனுப்புகிறான். பூட்டில் குற்றமில்லை, கணக்கிலும் பிழையில்லை. இருவரும் இரகசியமாகவே பேசுகிறார்கள், ஆனால் தவறான ஆளுடன். இரயில் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ இலவசமாகக் கிடைக்கும் வைஃபை இணைப்பை நடத்துபவர், இத்தகைய திரையின் நடுவே நிற்கும் வாய்ப்பு உடையவர் என்பதைக் களப் பணியாளர்கள் நினைவிற்கொள்ளலாம்.

இதற்குக் கண்ட பரிகாரம் சான்றிதழ். ‘இந்தப் பொதுச் சாவி இன்ன அலுவலகத்திற்கு உரியது’ என்று, இருவருக்கும் நம்பிக்கையான மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுத் தருகிறார். கைப்பேசியிலும் கணினியிலும் அவ்வாறு நம்பத்தக்க அமைப்புகளின் பட்டியல் ஒன்று விற்பனைக்கு வருமுன்பே பதியப்பட்டிருக்கிறது. சேவைக் கணினி தன் சான்றிதழைக் காட்டுகிறது. பட்டியலிலுள்ளோரின் கையொப்பம் அதில் செல்லுபடியானால்தான் இணைப்பு தொடரும். பின்னர் டிஃபி, ஹெல்மன் முறைப்படி புதிய சாவி ஒன்று பிறக்கிறது, அச்சாவியால் ஏ.இ.எஸ். போன்ற பூட்டு இயங்குகிறது. 2018-இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, புதிதாகத் தொடங்கும் இணைப்புக்கெல்லாம் புதுச் சாவி உண்டாக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. ஆகவே சேவைக் கணினியின் நிலையான சாவி பின்னொரு நாள் திருட்டுப் போயினும், அதைக்கொண்டு பழைய செய்திகளைத் திறக்க இயலாது. இவை யாவும் பணியாளர் பொத்தானை அழுத்திக் கையெடுப்பதற்குள் முடிந்துவிடுகின்றன.

ஆயினும் சான்று வழங்குபவர் தவறினால்? 2011-இல் நெதர்லாந்து நாட்டின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்தின் கணினிகளில் எவரோ புகுந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினர். கூகுளின் பெயரால் அமைந்த ஒன்றைக் கொண்டு ஈரானில் பெருந்திரளான மக்களின் கடிதப் போக்குவரத்து இடைமறிக்கப்பட்டது. அந்நாட்டுப் பயனாளர் ஒருவரின் கணினி காட்டிய எச்சரிக்கையிலிருந்தே மோசடி வெளிப்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாது தள்ளிவிட்டிருந்தால் இன்னும் சில காலம் அது நீடித்திருக்கும். அந்நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே திவாலாயிற்று. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவின் பெயரால் கூகுள் முகவரிகள் சிலவற்றிற்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சான்றளிப்போரின் கட்டுப்பாட்டு அதிகாரி அப்பிரிவின் சான்றுகளை உடனே ரத்துச் செய்தார். இத்தகைய நிகழ்ச்சிகளின் பயனாக, வழங்கப்படும் சான்றிதழ்கள் யாவும் எவரும் பார்வையிடக்கூடிய பகிரங்கப் பதிவேடுகளில் பதியப்பட வேண்டும் என்னும் நிபந்தனையைக் குரோம் உலாவி 2018-இல் விதித்தது. நம்பத்தக்கவரையும் பலர் கண்காணிக்கும் ஏற்பாடு இது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் மயக்கம் கூடாது. திரையில் காணும் முகவரிக்கு உரிய கணினியே மறுமுனையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது உறுதிசெய்கிறது. அம்முகவரியை நடத்துபவர் நேர்மையானவரா என்பதை அது அறியாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவுசெய்துகொண்ட மோசக்காரனும் தன் முகவரிக்கு முறையான சான்றிதழ் பெறலாம். பூட்டுச் சின்னத்தைக் கண்டவுடன் மக்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதை உணர்ந்தே, 2023-இல் குரோம் அச்சின்னத்தை நீக்கி வேறொன்றை வைத்தது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு மாற்று ஏதும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

வருங்காலத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர் 1994-இல் காட்டியபடி, போதிய அளவுள்ள குவாண்டம் கணினி ஒன்று அமையுமாயின், மேலே கூறிய இரு திரும்பும் வழிகளும் எளிதாகிவிடும். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆனால் பூட்டிய செய்தியை இன்றே பிரதி எடுத்துச் சேமித்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் திறக்க எண்ணுபவர் இருக்கலாம். நேற்றைய மழையளவு அப்போது வெளிப்பட்டால் எவருக்கும் நட்டமில்லை. ஒரு குழந்தையின் நோய் விவரம் அவ்வாறன்று, அக்குழந்தை வளர்ந்து வேலை தேடும் பருவம் அது. இதனை முன்னிட்டு, வேறுவகைக் கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட சாவி முறை ஒன்றை 2024 ஆகஸ்டில் அமெரிக்க நியம ஸ்தாபனம் வெளியிட்டது. உலாவிகள் சில அதனைப் பழைய முறையுடன் இணைத்து உபயோகிக்கத் தொடங்கிவிட்டன.

அந்தரங்கச் சாவியின் காவல்

அலுவலகங்களில் பட்டியல்களையும் ஒப்பந்தப்புள்ளிகளையும் மின்னணு முறையில் கையொப்பமிடுவதற்குச் சிறு யூ.எஸ்.பி. டோக்கன் வழங்கப்படுகிறது. அதனுள் இருப்பது, அதை உடையவரின் அந்தரங்கச் சாவி. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இக்கையொப்பத்திற்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியின் பதவியும் அச்சட்டத்தால் ஏற்பட்டதே. டோக்கன் தரமானதாயின் சாவி அதைவிட்டு வெளியே வருவதில்லை. கையொப்பமிட வேண்டிய கணக்கு டோக்கனுக்குள்ளேயே நடைபெறுகிறது. பின் எண்ணைச் சிலமுறை தவறாக இட்டால் அது தானே அடைபட்டுக்கொள்ளும்.

இத்தனை காவலையும் ஒரு நொடியில் கடப்பதற்கு ஒரு வழி உண்டு. வெளியூர்ப் பயணம் புறப்படும் அதிகாரி, வேலை தடைப்படலாகாது என்னும் நல்லெண்ணத்தோடு, டோக்கனை மேசை இழுப்பறையிலும் பின் எண்ணை உதவியாளரின் குறிப்பேட்டிலும் விட்டுச்செல்வதே அது. அன்று முதல் அக்கையொப்பம் இருவருக்கும் பொது. மைக் கையொப்பத்தைப் போலியாக இட்டால் எழுத்து நிபுணர் வேறுபாட்டைக் காட்டக்கூடும். இங்கே வேறுபாடு என்பதே இல்லை, ஏனெனில் இட்டது உண்மைச் சாவியே. பின்னர் தவறான பட்டியல் ஒன்றில் பணம் பட்டுவாடா ஆகிவிட்டால், கணிதம் சாட்சி சொல்வது அதிகாரிக்கு எதிராகவே இருக்கும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மேற்கூறிய சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, அந்தரங்கச் சாவியைத் தம் வசத்தில் வைத்திருக்கத் தக்க எச்சரிக்கை எடுத்துக்கொள்வது சான்றிதழ் பெற்றவரின் கடமை. சாவி பிறர் வசப்பட்டது தெரிந்தால், தாமதமின்றிச் சான்றளித்த நிறுவனத்திற்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும் நேரம் வரை பொறுப்பு அவருடையதே. டோக்கன் காணாமற்போன அன்று மேலதிகாரிக்கு மனு எழுதிவிட்டு வாளாவிருப்பது இதனால் போதாது. சான்றிதழ் ரத்துச் செய்யப்பட்டு ரத்துப் பட்டியலில் ஏறிய பின்னரே, அச்சாவியால் இடப்படும் புதிய கையொப்பங்களைச் சரிபார்க்கும் கணினிகள் நிராகரிக்கத் தொடங்கும். அறிவிக்க வேண்டிய நிறுவனத்தின் பெயர் சான்றிதழிலேயே குறிக்கப்பட்டுள்ளது. அதன் தொலைபேசி எண்ணை டோக்கன் கைக்கு வந்த நாளிலேயே தனியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.